வகுப்பறைச் சூட்டைக் குறைப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெற்றோர், இந்த ஆண்டுதான் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர், ‘படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யணும்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கும் முன்னாள் மாணவர்கள். வெயில் காலம் வந்தால் இந்த மூன்று தரப்புக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இன்னும் நாலு ஃபேன் வாங்கிப் போடலாம். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கொதிக்கிற மொட்டைமாடிக்குக் கீழே எத்தனை ஃபேன் சுற்றினாலும் அது சூடான காற்றைத்தான் கிளறிவிடும். சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலில் கண்டுபிடித்து அந்த வழியை அடைக்க வேண்டும். காற்றைப் பற்றிய யோசனை அதற்கப்புறம். ஏசி எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசை மாறினால் பணம்தான் போகும்.

கோடை விடுமுறை இருக்கிறதே, வெயிலில் பிள்ளைகள் பள்ளியில் எங்கே இருக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். கத்தரி வெயில் மே மாதக் கடைசியில் முடிவதாகக் காலண்டர் சொல்லும். வெயிலுக்குக் காலண்டர் தெரியாது. 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் ஜூன் 12-க்கும் 14-க்கும் தள்ளிப்போயின. 2024-இல் ஜூன் 10 ஆனது. அதே 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு அறிவித்தது. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வும் ஆண்டுத் தேர்வும் நடக்கின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம். கணக்குப் பார்த்தால் பள்ளி நடக்கும் மாதங்களில் ஏறக்குறைய பாதி சூட்டு மாதங்கள்தாம். அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஏசி இல்லாத பள்ளியில், பள்ளி ஆண்டின் வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே அந்த ஆண்டுப் படிப்பில் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது என்றது அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்மாடி வகுப்பில் பாடம் எடுத்த ஆசிரியருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

முதலில் ஒரு வாரம் அளந்து பாருங்கள்

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலை உயரத்தில் மாட்டுங்கள். வெயில் படுகிற இடமும், ஃபேனுக்கு நேர் கீழேயும், மேற்குச் சுவரும் வேண்டாம். காலை 10, மதியம் 1, மாலை 3:30 என்று மூன்று நேரம் குறித்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்; பெரியவர்களைவிட ஒழுங்காகக் குறித்து வைப்பார்கள், அறிவியல் செய்முறை செய்தது போலவும் ஆகும்.

கூடவே ஒரு தாளில் பள்ளியின் வரைபடம் போடுங்கள். எந்த அறை, எந்தத் திசை, மேலே என்ன கூரை, எத்தனை பிள்ளைகள், எத்தனை ஃபேன், அதில் ஓடுவது எத்தனை.

ஒரு வாரத்தில் படம் தெளிவாகிவிடும். காலை 10 மணிக்கே கொதிக்கிற அறைக்கு மேலே பெரும்பாலும் தகரமோ சிமெண்ட் ஷீட்டோ இருக்கும், அல்லது கிழக்கு வெயில் நேராக உள்ளே விழும். இரண்டு மணிக்கு மேல் திடீரென்று ஏறினால் மேற்குச் சுவர். மதியம்வரை சுமாராக இருந்து, மாலை நாலு மணிக்கு வெளியே வெயில் தணிந்த பிறகும் உள்ளே தகித்தால் கான்கிரீட் தளம். நாலைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். கீழ்த்தளம் பரவாயில்லை, மேல்தளம் மட்டும் மோசம் என்றால் சந்தேகமே வேண்டாம், கூரைதான்.

கொரோனா காலத்தில் வாசலில் பிள்ளைகளின் நெற்றிக்குக் காட்டிய தெர்மல் ஸ்கேனர் பல பள்ளிகளில் பீரோவுக்குள் இன்னும் கிடக்கிறது. அதில் உடம்புக்கு ஒரு மோடு, பொருள்களுக்கு ஒரு மோடு என்று இரண்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேட்டரி மாற்றி, பொருள் மோடில் வைத்து, மூன்று மணிக்கு ஒரு மேஜைமேல் ஏறி உட்கூரைக்குக் காட்டுங்கள், அப்புறம் நாலு சுவருக்கும் காட்டுங்கள். எது அடுப்பு என்று எண்ணே சொல்லிவிடும். நன்கொடை கேட்கப் போகும்போது பத்துப் பக்க மனுவைவிட இந்த எண் நன்றாகப் பேசும்.

கூரை

தமிழ்நாட்டில் வெயில் தலைக்கு நேர் மேலே வருகிற வெயில். சுவர்களில் படுவதைவிடக் கூரையில் படுவதுதான் அதிகம். கோடை மதியத்தில் மொட்டைமாடியின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். அதனால் கையில் இருக்கும் முதல் ரூபாய் கூரைக்குப் போக வேண்டும்.

மிகச் சுலபமான வழி கூரையை வெள்ளையாக்குவது. வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இதனால் கீழே அறைக்குள் 2 முதல் 5 டிகிரிவரை குறையும்; தகர ஷீட்டுக்குக் கீழே வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது என்றால், இது ஏதோ சில்லறை யோசனை இல்லை என்பது புரியும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, நம் ஊர்ச் சுண்ணாம்பு. நன்றாகத் தாளித்த சுண்ணாம்பில் பெவிகால் கலந்து இரண்டு, மூன்று கை அடிப்பது. செலவு சொற்பம், ஊர் ஆட்களே அடித்துவிடுவார்கள். ஆனால் மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். இன்னொன்று, கடையில் கிடைக்கும் கூல் ரூஃப் பெயின்ட். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஒன்றின் மேல் இரண்டு கோட் அடிக்க ஏறக்குறைய ஒரு 20 லிட்டர் பக்கெட் ஆகும். நாலைந்து வருடம் தாங்கும். ஒரே ஒரு வகுப்பறைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பெயின்ட் வாங்குங்கள். எட்டு வகுப்பறை இருக்கிறது, பணம் அதே பணம்தான் என்றால் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி.

வேலை எப்படி நடக்க வேண்டும்? பெயின்ட் அடிப்பது கடைசி அரை நாள் வேலை. அதற்கு முந்தைய வேலையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் குப்பை, சருகு, உடைந்த பெஞ்சு, பழைய டயர் எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்குங்கள். கறுப்புப் பாசியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். பாசியின்மேல் அடித்த பெயின்ட் அடுத்த மழையில் அப்பளம்போல உரிந்து வரும். விரிசல்களை அடையுங்கள். மழைநீர் போகும் குழாய் வாய் அடைத்திருக்கிறதா, தண்ணீர் எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் கொத்தனாரை வைத்து வாட்டம் சரிசெய்த பிறகுதான் மற்றது. கசிகிற தளத்தை வெள்ளையடித்து அழகாக்குவதில் அர்த்தம் இல்லை.

பிறகு பிரைமர், முதல் கோட், டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு இரண்டாவது கோட். வேலை காலையில் நடக்கட்டும். கொதிக்கிற தளத்தில் பெயின்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். இரண்டாவது கோட் அடிக்கும்போது வெள்ளையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் கண்ணைப் பிளக்கும். ஆட்களுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் பிள்ளைகளை ‘உதவிக்கு’ மேலே ஏற்றவே கூடாது. அதற்கப்புறம் வருடம் ஒருமுறை தூசியைக் கழுவிவிடுங்கள். அழுக்கேறிய வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

பழைய கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அந்தத் தளத்துக்குக் கீழே இருக்கும் வகுப்பறை இயல்பாகவே குளுமை. ‘ரிப்பேர்’ என்ற பேரில் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு வெறும் சிமெண்ட் பூசுவதைப் பார்த்திருக்கிறேன்; வயிற்றெரிச்சல். முடிந்தால் அதையே சரிசெய்து, மேலே வெள்ளையடியுங்கள். மாடித்தோட்டம், பானை கவிழ்த்து அடுக்குவது போன்ற யோசனைகளும் வரும். வேலை செய்யும்தான். ஆனால் பழைய பள்ளிக் கட்டடத்தின் தளத்தில் புதிதாக எடை ஏற்றுவதை ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் தொடாதீர்கள்.

ஷீட் கூரை

ஷீட் கூரைக்குத் தனியாகச் சில வார்த்தை. சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்வது பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ். அதை அறுப்பது, துளைபோடுவது, காய்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்ப்பது எதுவும் கூடாது. பறக்கும் நார் நுரையீரலுக்கு ஆபத்து. அதன்மேல் ஆள் ஏறி நடந்தால் உடைந்து விழும், உயிரே போகும். குறுக்குப் பலகை போட்டு, அதில் நின்றுதான் பெயின்ட் அடிக்க வேண்டும். உடைந்து பெயர்ந்த நிலையில் இருந்தால் பெயின்ட் செலவே வேண்டாம், மாற்றித்தரச் சொல்லி எழுதுங்கள்.

ஷீட்டுக்குக் கீழே ஓர் உட்கூரை கொடுத்தால் நல்ல பலன் உண்டு. என்ன பொருளில் என்பதுதான் கேள்வி. தென்னங்கீற்று, மூங்கில் பாய், தெர்மாகோல் மூன்றும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலறையில் பற்றிய தீ, கீற்றுக் கூரையில் ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கீற்றைப்போலக் குளுமை தரும் கூரை இல்லை என்பது உண்மை. பள்ளிக்கு அது ஆகாது என்பதும் உண்மை. ஜிப்சம் போர்டு போடலாம். ஷீட்டுக்கும் அதற்கும் நடுவே சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமும் வழி விடுங்கள்.

மேற்குப் பக்கம்

சன்னலுக்கு உள்ளே திரை போடுவது பலர் செய்யும் முதல் வேலை. கண் கூசாது, அவ்வளவுதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை தடுத்து என்ன பயன்? சூடு அறைக்குள்தானே நிற்கும். மறைப்பு எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

சன்னல்மேல் ஒன்றரை அடிக்கு நீட்டியிருக்கும் சன்ஷேடு உச்சி வெயிலுக்குச் சரி. மாலை வெயில் சாய்ந்து வரும், அதற்கு அடியில் நுழைந்துவிடும். எனவே மேற்குச் சன்னலுக்கும் சுவருக்கும் பச்சை ஷேட் நெட் கட்டுவது மலிவான வழி. சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். ஓர் அடி, இரண்டடி தள்ளிக் கம்பியோ குழாயோ நட்டுக் கட்டினால் நடுவில் காற்று ஓடும். காற்றில் கிழியாமல் நாலு பக்கமும் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். இந்த நெட்டும் தீப்பிடிக்கக்கூடிய பொருள்தான். சத்துணவுக் கூடத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நிரந்தரமாகச் செய்ய முடிந்தால் மேற்கில் ஒரு வராந்தாவைப்போல நல்லது எதுவும் இல்லை.

வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று நினைத்துச் சன்ஷேடு இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. சென்னையில் ஏறக்குறைய ஏப்ரல் நாலாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம்வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. தெற்கே போகப்போக இந்தக் காலம் இன்னும் நீளும். ஜூன், ஜூலையில் வடக்குச் சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

வகுப்பறைக்கு முன்னால் இருக்கும் தரையையும் பாருங்கள். ‘சுத்தமாக இருக்கும்’ என்று வளாகம் முழுக்கப் பேவர் பிளாக் பதிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பகலில் பழுத்து, சன்னல் வழியாக அனலை உள்ளே அனுப்பும். நடைபாதைக்கு மட்டும் பதித்துவிட்டு மற்ற இடத்தை மண்ணாக விடுங்கள்.

இப்போது ஃபேன்

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. ஆள்மேல் இருக்கும் வியர்வையைக் காய வைக்கிறது, அதனால் குளுமை. காற்றே 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்தப் பலன் குறைந்துகொண்டே போகும்.

புதிது வாங்கும் முன் இருப்பதைப் பாருங்கள். ‘சார், ஃபேன் ஓடுது, காத்துதான் வரல’ என்ற புகாருக்குப் பாதி நேரம் காரணம் கண்டன்சர். சாதாரண சீலிங் ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருக்கும். வருடங்கள் போகப்போக அதன் சக்தி குறையும், ஃபேன் சோம்பேறியாகும். எலக்ட்ரீஷியனுக்கு ஃபேன் ஒன்றுக்குப் பத்து நிமிட வேலை, பொருள் செலவு நூறு ரூபாய்க்குள். அடுத்தது இறக்கையின் விளிம்பில் கட்டியிருக்கும் கறுப்புத் தூசி. சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தாலே காற்று கூடும். எல்லா ஃபேனும் மதியத்தில் மட்டும் மெதுவாகச் சுற்றினால் அது லோ வோல்டேஜ்; மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

உயரமும் முக்கியம். இறக்கைக்கும் தளத்துக்கும் நடுவே குறைந்தது ஓர் அடி இருக்க வேண்டும். தளத்தோடு ஒட்டியிருந்தால் இழுக்கக் காற்றே கிடைக்காது. தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடியில் இறக்கை இருப்பது சரியான அளவு. அதற்குமேல் உயரமான பழைய கட்டடத்தில் நீளமான ராடு போட்டு இறக்குங்கள். எட்டடிக்குக் கீழே வேண்டாம், பெஞ்சுமேல் ஏறி நிற்கும் பிள்ளைகள் உண்டு.

பத்துக்குப் பத்து அடிக்கு ஒரு 48 அங்குல ஃபேன் என்பது நல்ல கணக்கு. 20 அடிக்கு 20 அடி அறைக்கு நாலு. நடுவில் இரண்டை மட்டும் மாட்டினால் நாலு மூலைப் பிள்ளைகளுக்கும் காற்று கிடைக்காது. புதிதாக வாங்குவதென்றால் பிஎல்டிசி ஃபேன்: சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் சுற்றுவட்டாரத்தில் எடுக்கும். விலை கூடுதல், தினமும் ஆறு மணி நேரம் ஓடும் பள்ளியில் மெல்ல ஈடாகிவிடும். ஆனால் ரிமோட்டில் மட்டும் இயங்கும் மாடலை வாங்காதீர்கள். பள்ளியில் ரிமோட்டின் ஆயுள் ஒரு மாதம். சுவர் சுவிட்சிலேயே வேகம் மாற்ற முடிகிற மாடலைக் கேளுங்கள்.

இன்னொன்று. கோயில் டியூப் லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தையே மறைத்த பழக்கம் நமக்கு உண்டு. முன்னாள் மாணவர்கள் ஃபேன் கொடுக்க விரும்புவதற்கும் கூரைக்குப் பெயின்ட் கொடுக்கத் தயங்குவதற்கும் இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். மாடிமேல் அடித்த வெள்ளையில் யார் பேரைப் படிப்பார்கள்? ரோட்டைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் பெயர் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். வேலை நடக்கும்.

காற்று வந்து போக வழி

சூடான காற்று மேலே போகும். அதற்காகத்தான் பழைய கட்டடங்களில் சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வைத்தார்கள். இன்று பாதிப் பள்ளிகளில் புறாத் தொல்லைக்கும் சாரலுக்கும் பயந்து அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அட்டையை எடுத்துவிட்டுச் சின்னக் கண் கம்பி வலை அடியுங்கள். அறைக்கு எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் இருந்தும், ஒரு பக்கத்தில் பீரோவும் பழைய விடைத்தாள் கட்டுகளும் அடைத்துக்கொண்டிருந்தால் அவற்றை வேறெங்காவது நகர்த்துங்கள். ஸ்மார்ட் வகுப்பில் திரை தெரியவில்லை என்று எல்லாச் சன்னலையும் மூடுவார்கள். திரைக்குப் பக்கத்துச் சன்னலை மட்டும் மூடினால் போதும்.

இனி ஊர் எது என்பதைப் பொறுத்தது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். அங்கே வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவதும் ஏர் கூலர் வைப்பதும் வீண், புழுக்கம்தான் கூடும். காற்றோட்டம் ஒன்றே வழி. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பும், கிழக்குச் சன்னல்கள் அதற்குத் திறந்திருக்க வேண்டும். வேலூர், கரூர், ஈரோடு, மதுரைப் பக்கம் மார்ச், ஏப்ரலில் காற்று வறண்டிருக்கும். அங்கே வெட்டிவேர்த் தட்டி நன்றாகவே வேலை செய்யும். உச்சி வெயிலில் அனல் காற்று வீசும் நேரத்தில் அந்தப் பக்கச் சன்னலைக் கொஞ்ச நேரம் சாத்தி வைப்பதும் அங்கே சரி. இரவில் வெளிக்காற்றின் சூடு இறங்குவதால் மேல் வென்டிலேட்டர்களைத் திறந்தே வைத்தால் காலையில் அறை ஓரளவு ஆறியிருக்கும். கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் பிரச்சினை சூடல்ல, தூசி. அங்கே மேற்குப் பக்கம் மரம்தான் தீர்வு.

செலவில்லாத வேலைகள்

மேல்தள வகுப்புகளை மதியத்துக்கு மேல் கீழே இறக்க முடியுமா பாருங்கள். ஆய்வகம், நூலகம், மரத்தடி, எது காலியோ அது. பி.டி. பீரியடை மதியம் ஒன்றரைக்கு வைப்பது கொடுமை. முதல் பீரியடோ கடைசி பீரியடோ ஆக்குங்கள். காலைப் பிரேயர் நிழலில் நடக்கட்டும், சுருக்கமாக. கணக்கு, ஆங்கிலம் போன்ற பாடங்கள் மதியத்துக்கு முன். பெஞ்சு வரிசையை வாரம் ஒருமுறை மாற்றினால் ஃபேன் எட்டாத மூலை ஒரே பிள்ளையின் தலையில் விழாது. தனியார் பள்ளிகளில் டை, ஷூ, சாக்ஸ் எல்லாம் மார்ச் முதல் ஜூலைவரை எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது கேட்கத்தான் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கேரளம் 2019-இல் ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. மணி அடித்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும், நல்ல ஏற்பாடு. ஆனால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மறதியால் அல்ல. கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்றுதான். தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிவறையை வைத்துக்கொண்டு எத்தனை மணி அடித்தாலும் அவர்கள் பாட்டில் நிறைந்த பாட்டிலாகவே வீட்டுக்குப் போகும். வெயிலுக்கான வேலைப் பட்டியலில் கழிவறையைச் சேர்க்காத பள்ளி பாதி வேலைதான் செய்கிறது. அப்புறம், மாடியில் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீர் மதியம் வெந்நீராக இருக்கும். தொட்டிக்கு மேல் நிழல் போடுங்கள், வகுப்புக்கொரு குழாய் வைத்த மண்பானை வையுங்கள்.

எல்லா ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு என்று பிள்ளை சொன்னால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, விசிறி, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108. வண்டி வரும்வரை தலை, கழுத்து, அக்குள் எல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மரம்

புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம். மேற்குப் பக்கம், சுவரிலிருந்து பதினைந்து, இருபது அடி தள்ளி. நான் புங்கைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்: நிழல் அடர்த்தி, கோடையில் புதுத்தளிர், ஆடு மாடு அதிகம் கடிக்காது. சீக்கிரம் வளரும் என்று குல்மோகர், பெருங்கொன்றை வைக்காதீர்கள். 2016 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் எவை சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்கள் வைக்க மாட்டார்கள்.

நடுவதில் எந்தச் சிரமமும் இல்லை, போட்டோவுக்கும் ஆள் வரும். மே மாதம்தான் கன்று சாகும், அப்போது பள்ளியில் யாரும் இல்லை. அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நடுங்கள். விடுமுறையில் வாரம் இரண்டு முறை யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடும் அன்றே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். அடியில் சிறு துளையிட்டுத் துணித் திரி செருகிய மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து நிரப்பி வைத்தால் சில நாள் தாங்கும்.

ஏசி கேட்பவர்களுக்கு

உட்கார்ந்து படிக்கும் ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 75 வாட் வெப்பம் வெளியேறுகிறது. 40 பேர் என்றால் 3 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பமே 3.5 கிலோவாட்தான். அதாவது ஒரு டன் ஏசி பிள்ளைகளின் உடம்புச் சூட்டுக்கே சரியாகப் போய்விடும். கூரையும் சுவரும் இறக்கும் சூட்டுக்கு இன்னொன்று வேண்டும். அதற்கு மூன்று பேஸ் இணைப்பு, புது வயரிங், மாதாமாதம் பில். எல்லாவற்றையும் மூடிவைத்த அறையில் 40 பேர் விட்ட மூச்சே சுற்றிச்சுற்றி வரும், பத்தே நிமிடத்தில் கொட்டாவி தொடங்கும். இவ்வளவும் தெரிந்து, கூரை வேலையும் முடித்துவிட்டு, அப்புறமும் தேவை என்றால் வையுங்கள். வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும் சேர்த்து வையுங்கள்.

அனுமதி, பணம், மாதக் கணக்கு

நல்லது செய்கிறோம் என்று நேராக மாடி ஏறிவிடாதீர்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி, உதவிபெறும் பள்ளி என்றால் நிர்வாகம். எதுவானாலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. பணத்துக்கு ஆண்டுப் பள்ளி மானியம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக முன்னாள் மாணவர் நன்கொடை என்று வழிகள் உண்டு. கேட்கும்போது ‘வெயிலுக்கு உதவி’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். ‘ஆறாம் வகுப்பு அ பிரிவு, மூன்று மணிக்கு 38 டிகிரி, கூரைக்கு ஒரு பக்கெட் பெயின்ட், ஆள் கூலி இவ்வளவு’ என்று அளந்து வைத்த கணக்கோடு கேளுங்கள்.

எந்த மாதம் எது? நவம்பர் மழையில் எந்த இடம் கசிகிறது என்று சாக்பீஸால் சுவரில் குறியுங்கள். பொங்கல் விடுமுறையில் மாடியைக் கழுவி விரிசல் அடையுங்கள், பிப்ரவரிக்குள் வெள்ளையடித்து முடியுங்கள். மார்ச்சில் தேர்வு தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. ஃபேன், கண்டன்சர் வேலையும் பிப்ரவரியிலேயே. ஷேட் நெட் மார்ச்சில் கட்டி, புயல் காலத்துக்கு முன் அக்டோபரில் அவிழ்த்துச் சுருட்டி வைக்கலாம். பள்ளி திறக்கும் முன் வாரத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். கூரைக்குப் பெயின்ட் அடித்த தேதியையும், எந்த கம்பெனி பெயின்ட் என்பதையும் மாடிப்படி உச்சியில் எழுதிவிடுங்கள். அடுத்து வரும் தலைமையாசிரியர் யாரையும் போன் செய்து கேட்க வேண்டியிருக்காது.